மாத்திரை வாசலுக்கு வருகிறது, பராமரிப்பு? – வாசகர் கேள்வி பதில்

முதியோர் பராமரிப்பையும் மருத்துவத்தையும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில் சொல்பவர்கள் முதியோர் மருத்துவத்திலும் சமூக நலத்திலும் வேலை பார்ப்பவர்கள்.

அப்பாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டில் படுத்த படுக்கை. மூக்கில் உணவுக் குழாயும் சிறுநீர்க் குழாயும் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் வண்டி பிடித்து ஊருக்குக் கூட்டிப்போக முடியவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கு வருவார்களா? யாரிடம் சொல்வது?
– வாசகி, தென்காசி மாவட்டம்

வருவார்கள். ஆனால் அவர்களாகவே தேடி வரட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். பக்கவாதத்தில் கை, கால் திரும்ப வருவதற்கு முதல் மூன்று மாதம் முக்கியம். அதனால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்கள் மூன்று பேர். முதலாமவர் சுயஉதவிக் குழுவிலிருந்து வரும் சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர், சுகர் பார்ப்பதும் மாத்திரை கொண்டுவந்து தருவதும் அவர் வேலை. மற்ற இருவர் இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) நோய் ஆதரவு சிகிச்சை செவிலியரும் (படுத்த படுக்கையானவர்களின் வலி, புண், குழாய்களைப் பார்ப்பவர்). உங்கள் அப்பாவுக்கு உண்மையில் தேவைப்படுபவர்கள் இந்த இருவர்தான். தன்னார்வலர் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார். மற்ற இருவரும் ஒன்றியம் முழுவதையும் வண்டியில் சுற்றி வருபவர்கள். அவர்கள் பட்டியலில் பெயர் ஏறாதவரை உங்கள் தெருவுக்கு வர மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவ அலுவலரையே பாருங்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. படுத்த படுக்கை என்பது, எந்தெந்தக் குழாய் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்றைக்குப் போட்டது, முதுகிலோ இடுப்பிலோ புண் இருக்கிறதா – இவ்வளவும் முதல் பேச்சிலேயே வந்துவிட வேண்டும். "பக்கவாதம்" என்று மட்டும் சொன்னால் பிரஷர் மாத்திரைப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். செவிலியரின் கைபேசி எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். ரேஷன் அட்டை ஓர் ஊரிலும் அப்பா இன்னோர் ஊரில் மகள் வீட்டிலுமாக இருந்தால், இப்போது படுத்திருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுங்கள். பதிவேட்டில் பழைய முகவரி நின்றுபோய், அங்கே போய்ப் பார்த்துவிட்டு "ஆள் இல்லை" என்று குறித்துக்கொள்வது நிறைய நடக்கிறது.

மாத்திரையில் ஓர் ஆபத்து உண்டு. தனியார் டாக்டர் எழுதிய பிராண்டு ஒரு பெயரில் இருக்கும், தன்னார்வலர் தரும் அரசு மாத்திரை மூலப்பெயரில், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். பிரஷர் தடாலென்று இறங்கி ஆள் மயங்கிக் கிடப்பார். எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் பரப்பி, பிராண்டு பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் எதை நிறுத்துவது என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.

செவிலியர் வந்துபோகும் நாட்களுக்கு இடையே எல்லாம் உங்கள் கையில்தான்.

மூக்குக் குழாயில் ஆகாரம் கொடுக்குமுன் மூக்கோரம் இருக்கும் அடையாளக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நழுவியிருந்தால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, உள்ளே தள்ளியும் விடக் கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி. வரை மெதுவாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். முடிந்ததும் உடனே படுக்க வைத்தால் ஆகாரம் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் பக்கவாத நோயாளிக்கு நிமோனியா வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும்.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. சாதா ரப்பர் குழாய் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். சிலிக்கான் குழாய் 12 வாரம் வரை தாங்கும். எது போட்டிருக்கிறார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் எழுதுவதில்லை. கேட்டுத் தேதியோடு காலண்டரில் குறித்துவையுங்கள்.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பது தவறு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, அந்த வலியாலேயே பயிற்சி நின்றுபோகும்.

அம்மாவுக்கு 72 வயது. எனக்கு நல்ல சம்பளம், அதனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடையாது. 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்கிறார்களே, அதில் வீட்டுக்கு வைக்கும் நர்ஸ் செலவும் வருமா?
– வாசகர், சென்னை

வராது. நீங்கள் கேட்பது 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய மத்திய அரசின் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை. அது, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் பரிசோதனை, வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து ஆகியவை அடங்கும். புறநோயாளிச் சீட்டு, மாதாந்திர மாத்திரை, வீட்டு நர்ஸ், வாடகைக் கட்டில் எதுவும் கிடையாது.

ஆண்டுக்கு 5 லட்சம் என்பது குடும்பத்துக்கு. அப்பாவும் 70 தாண்டியவர் என்றால் இருவரும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களும் இஎஸ்ஐ உள்ளவர்களும் இதையும் எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்திலோ முன்னாள் படைவீரர் திட்டத்திலோ இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வயதுக்கு ஆதாரில் உள்ள பிறந்த தேதிதான் கணக்கு. பழைய ஆட்களுக்கு ஆதாரில் குத்துமதிப்பாக வயது போட்டிருப்பார்கள். குறைத்துப் போட்டிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். விரல் ரேகை தேய்ந்து விழவில்லை என்றால் ஓடிபி, கருவிழி, முகம் ஆகிய வழிகளும் உண்டு. "ரேகை விழவில்லை, போய்ட்டு வாங்க" என்றால் கிளம்பிவிடாதீர்கள். ஆதாரில் உள்ள கைபேசி எண் யாருடையது என்பதையும் முன்பே பாருங்கள். பெரும்பாலும் அது எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை இந்த அட்டையில், அந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்பதை அவசரம் வருவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்ட்டரில் கேட்டுவையுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டையே எடுக்கலாம். அதற்கு வயது வரம்பு இல்லை. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போதும். சந்தேகத்துக்கு 1800 425 3993.

அரசு மருத்துவமனையில் முதியவர்களுக்குத் தனி வரிசை என்பது சலுகையா, உரிமையா?
– வாசகர், விழுப்புரம்

சட்டத்தில் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, பிரிவு 20. தனி வரிசை, இயன்றவரை படுக்கை, மாவட்டந்தோறும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவ அலுவலரின் கீழ் தனி ஏற்பாடு ஆகியவை அதில் வருகின்றன. வரிசை இல்லையென்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம் பிரிவு எண்ணைச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் செக்யூரிட்டியோடு வாக்குவாதத்தில்தான் முடியும்.

நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். 'மருத்துவ வசதியுடன் கூடிய முதியோர் இல்லம்' ஒன்றில் சேர நினைக்கிறோம். பெரிய தொகை டெபாசிட் கேட்கிறார்கள். எதைப் பார்த்துச் சேர்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதிவுச் சான்றிலிருந்து தொடங்குங்கள். முதியோர் இல்லம் நடத்தச் சமூக நலத்துறையின் பதிவு வேண்டும். படுக்கை போட்டு ஊசி, டிரிப்ஸ், நர்சிங் என்று மருத்துவம் பார்த்தால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். அது சுகாதாரத்துறை இணை இயக்குநர் அலுவலகத்தில் ஆகும் வேலை. பல இடங்களில் முதல் சான்றை வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இரண்டாவது இல்லையென்றால் அங்கே உள்ளது முதலுதவிப் பெட்டிதான், விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும்.

பகலில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். மேலாளர் கிளம்பியிருப்பார், உண்மையான ஆள்பலம் அப்போது தெரியும். இரவுப் பணியில் இருப்பவர் நர்சா, உதவியாளரா? ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி என்று நர்சிங் படித்தவர் என்றால் தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். உதவியாளர் குளிப்பாட்டலாம், ஊட்டிவிடலாம். குழாய் மாற்றுவதும் ஊசி போடுவதும் அவர் வேலையல்ல.

ஆக்சிஜன் இருக்கிறது என்பார்கள். எத்தனை சிலிண்டர், எந்த அளவு என்று கேளுங்கள். ஆம்புலன்சில் பார்க்கும் பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 12 மணி நேரம், 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம்கூட முழுதாக ஓடாது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, திறக்கும் சாவியை வாட்ச்மேன் தேடுகிறார் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அங்கே இருக்கும் ஒருவரின் மருந்துக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக்கொண்டே காட்டட்டும். வேளைவாரியாகக் கையெழுத்து, விட்டுப்போன வேளைக்குக் காரணம், பிரஷர் எண்கள் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து ஓடியிருந்தால் கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்பியது.

ஒப்பந்தத்தில் நான்கு இடத்தைக் கோடு போட்டுப் படியுங்கள்: படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, மறதி நோய் வந்தால் என்ன, மருத்துவமனையில் சேர்த்தால் கூட யார் இருப்பது, வெளியேறினாலோ ஒருவர் இறந்தாலோ டெபாசிட் எத்தனை நாளில் எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும். நன்றாக நடமாடும் வரை வைத்துக்கொண்டு, விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் "இனி எங்களால் முடியாது" என்று பிள்ளைக்குப் போன் போடுவது இந்தத் தொழிலில் சகஜம். நீங்கள் டெபாசிட் கட்டுவதே அந்த நாளுக்காகத்தானே. முடியாது என்பதை இப்போதே எழுதித் தரும் இல்லம், வாயால் எல்லாம் செய்வோம் என்கிற இல்லத்தைவிட நேர்மையானது.

இத்தனை திட்டம் இருந்தும் எதற்கெடுத்தாலும் அங்கே போ, இங்கே போ என்கிறார்களே? மருத்துவத்தையும் பராமரிப்பையும் ஒரே இடத்தில் தர முடியாதா?
– வாசகி, திருச்சி

ஓய்வூதியம் வருவாய்த்துறை. முதியோர் இல்லம் சமூக நலத்துறை. மாத்திரை, செவிலியர், வார்டு எல்லாம் மக்கள் நல்வாழ்வுத்துறை. டெல்லியிலும் இதே கதைதான். முதியோர் உதவி எண் 14567-உம் இல்லங்களுக்கான மானியமும் சமூகநீதி அமைச்சகத்திடம், தேசிய முதியோர் சுகாதாரத் திட்டம் சுகாதார அமைச்சகத்திடம். ஒரே பாட்டியின் மூன்று தேவைகளுக்கு மூன்று கோப்பு. ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் கோப்பைப் பார்க்க முடியாது.

மருத்துவம் பார்ப்பதில் தமிழ்நாடு பின்தங்கியது என்று சொல்ல முடியாது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பே வந்துவிட்டது. கிண்டியில் 200 படுக்கையுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2010-11-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக்கும் மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை வார்டும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் அது எந்தக் கிழமை என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதாலேயே சில இடங்களில் அது நடக்கத் தொடங்கும்.

குறை இருப்பது நடுவில். மருத்துவமனைப் படுக்கைக்குக் காப்பீடு இருக்கிறது, மாதாந்திர மாத்திரைக்கு ஆள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே குளிப்பாட்ட, புரட்ட, ஊட்ட, இரவில் எழுப்பி ஒன்றுக்குக் கூட்டிப்போக யாருக்கும் சம்பளம் ஒதுக்கப்படவில்லை. அதை வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள். எந்தத் துறையின் கணக்கிலும் அது செலவாகத் தெரியாததால் எந்தத் துறையும் அதற்குத் திட்டம் போடுவதில்லை.

ஜப்பான் 2000-ல் இதற்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். 65 தாண்டியவருக்குத் தேவை வந்தால் வீட்டுக்கு வந்து மதிப்பிட்டு ஏழு நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். அந்த நிலைக்கேற்ப பராமரிப்பாளர், செவிலியர், பகல்நேர மையம் எல்லாவற்றையும் ஒரே ஒருங்கிணைப்பாளர் அட்டவணை போட்டுத் தருவார். பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கு செலவைக் கையிலிருந்து கொடுக்கிறார்கள். அந்த அளவு சந்தா கட்ட நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்பதால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கேரளம் நமக்குக் கிட்டத்தில் வரும். 2008-ல் ஆதரவு சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்து, வீட்டுக்குப் போகும் செவிலியரை உள்ளாட்சியோடு இணைத்தார்கள். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும், செவிலியர் போகாவிட்டால் கேள்வி அந்த உறுப்பினரிடம்தான் வரும். இங்கே ஒன்றியச் செவிலியருக்கு அப்படி ஊரில் பதில் சொல்ல ஆள் கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. மற்ற மாநிலங்கள் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த 'அன்புச்சோலை' முதியோர் பகல்நேர மையங்களில் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் கிழமை குறித்து உட்கார வைத்தால், மூன்று கோப்பும் ஒரு மேசைக்கு வர வாய்ப்பிருக்கிறது. சாப்பாடும் கேரம்போர்டும் மட்டும் என்றால் அது பொழுதுபோக்கு மன்றம்.

மகன் துபாயில். மாதம் 6,000 ரூபாய்க்கு மருந்து. கேட்டால் போனை எடுப்பதில்லை. வழக்குப் போட வக்கீலுக்குப் பணமில்லை.
– வாசகர், இராமநாதபுரம்

வக்கீல் தேவையில்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம். மேலே சொன்ன 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி 'பராமரிப்பு' என்பதில் மருத்துவமும் சிகிச்சையும் அடங்கும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் அந்தச் சட்டம் செல்லும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம்.

மனு பலவீனமாவது ரசீது இல்லாததால்தான். மூன்று மாத மருந்து பில், டாக்டர் சீட்டு, வங்கிப் புத்தக நகல், மகனின் தற்போதைய முகவரி, வேலை பார்க்கும் இடம் ஆகியவற்றை இணையுங்கள். முகவரி தெரியாவிட்டால் நோட்டீஸே போகாது, 90 நாள் கணக்கும் தொடங்காது. எழுத முடியவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரைப் பாருங்கள், அல்லது 14567-ஐ அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். பிரஷர், சுகர் மருந்தை இதற்கிடையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அந்த 6,000-ல் ஒரு பங்கு இந்த மாதமே குறையும்.

அம்மா நான்கு வாரமாகக் குழப்பமாகப் பேசுகிறார், இரவில் தூங்குவதில்லை. மறதி நோய்க்கு அரசு இல்லம் இருக்கிறதா?
– வாசகி, வேலூர்

இல்லத்தைத் தேடுமுன் மருத்துவமனை. நான்கு வாரத்தில் வந்த குழப்பம் பெரும்பாலும் மறதி நோயாக இருக்காது, அது வருடக்கணக்கில் மெதுவாக வரும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ ரத்த சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். சமீபத்தில் எங்கேயாவது விழுந்தாரா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தலையில் லேசாக அடிபட்டு, சில வாரம் கழித்து மூளை உறையில் ரத்தம் சேர்வது முதியவர்களுக்கு உண்டு, ஸ்கேனில் தெரியும். புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அட்டையோடு எடுத்துப் போங்கள். பேச்சு நிமிடத்துக்கு நிமிடம் மாறினாலோ, எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றாலோ புறநோயாளிச் சீட்டுக்கு நிற்காதீர்கள், 108.